போலி கேலக்ஸி பட்டியலில் ரெட்ஷிஃப்ட் ரொம்பச் சரியாக வருகிறது, எங்கே தப்பு? (அவசரம்)

தூங்காத_வால்மீன்:
வியாழக்கிழமை கைடுக்குக் காட்ட வேண்டும். ரூபின் தொலைநோக்கியின் வான சர்வேக்கு ஒரு சிமுலேஷன் கேலக்ஸிப் பட்டியல் செய்து பிபிஇசட் ஓட்டினேன் (நிறங்களை வைத்து ரெட்ஷிஃப்டை, அதாவது ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நீண்டிருக்கிறது என்பதை, கணிக்கும் புரோகிராம்). விடைகள் உண்மையிலிருந்து விலகும் சிதறல் 0.003, அடியோடு தப்பானவை 0.2 சதவீதம். வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. கைடு நம்ப மாட்டார், நானே நம்பவில்லை.

பருப்புசாதம்:
எவ்வளவு மங்கலானவை வரை? ஆழம் ஒரே படத்துக்கா, பத்து வருடப் படங்களைச் சேர்த்தா? ஐ பட்டையில் (ஒரு நிற வடிகட்டி) முதலாவது 24.0 மேக்னிட்யூட், இரண்டாவது 26.8; எண் கூடினால் மங்கல். இதைச் சொல்லாமல் என்ன கேட்டாலும் ஜோசியம்தான்.

அரைமணி_நிலா:
டெம்ப்ளேட்தான் (ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி நிறமாலை), சந்தேகமே இல்லை. பிபிஇசட்டோடு வரும் அதே நிறமாலைகளை வைத்துப் பட்டியலைச் செய்திருப்பீர்கள். கேள்வித்தாள் போட்டவரே பரீட்சையும் எழுதினால் நூற்றுக்கு நூறுதான்.

மூத்தகுடி:
தம்பி, பத்து வருடத் தரவுக்கே சர்வே வைத்திருக்கும் சிதறல் இலக்கு 0.02. நீ 0.003 என்கிறாய். பதிவு போடும் முன் ஒரு தடவை படித்திருக்கலாம். இப்போதெல்லாம் யார் படிக்கிறார்கள்! அப்புறம், அது ரெட்ஷிஃப்ட் இல்லை, செம்பெயர்ச்சி.

குட்டி_நெபுலா:
செந்நகர்ச்சி என்பதுதான் சரி. பெயர்ச்சி என்றால் எங்கள் வீட்டில் எந்த ராசிக்கு நல்லது என்று கேட்கிறார்கள்.

மூத்தகுடி:
சனிப்பெயர்ச்சிக்காக நல்ல சொல்லைக் கைவிட முடியாது. நகர்ச்சி என்றால் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது.

பருப்புசாதம்:
சொல் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். வால்மீன், பட்டியலில் ஒரு வரியை ஒட்டுங்கள்.

தூங்காத_வால்மீன்:
மன்னிக்கவும், பத்து வருட ஆழம்தான், ஐ 25.3 வரை. ஒரு கேலக்ஸி: யு பட்டையில் (புற ஊதாப் பக்கம்) உண்மை 26.90, பார்த்தது 26.90, பிழை 0.41.

பருப்புசாதம்:
மாட்டிக்கொண்டது! பிழை 0.41 என்று எழுதிவிட்டு எண்ணை அசைக்கவே இல்லையே. பிழையின் அளவுக்கு ஒவ்வொன்றையும் தற்செயலாகக் கூட்டிக் குறைத்துக் குலுக்க வேண்டும். குலுக்குவது ஃப்ளக்ஸில் (வந்து சேரும் ஒளியின் அளவில்), மேக்னிட்யூடில் இல்லை. யு-வில் சிலதுக்கு ஃப்ளக்ஸ் எதிர்மறையாகப் போகும். பயந்து தூக்கிவிடாதீர்கள், தெரியவில்லை என்பதற்கு 99 என்று கொடுத்து, பிழை இருக்கும் இடத்தில் எல்லை மேக்னிட்யூடைப் போடுங்கள். ஐ 25.3-க்கு மேல் மங்கலானவற்றை வெட்டுவதும் குலுக்கிய பிறகுதான்.

அரைமணி_நிலா:
குலுக்கினாலும் டெம்ப்ளேட் பிரச்சினை அப்படியே இருக்கும்.

குட்டி_நெபுலா:
நகர்ந்தால்தானே நகர்ச்சி? கோடு சிவப்புப் பக்கம் நகர்கிறதே.

தூங்காத_வால்மீன்:
குலுக்கியாச்சு. சிதறல் 0.022, தப்பானவை 6 சதவீதம். ஆனால் ஒரு மூலையில் கூட்டமாக நிற்கின்றன: உண்மை ரெட்ஷிஃப்ட் 2.6, விடை 0.2. இது அடுத்த பிழையா?

பருப்புசாதம்:
பிழை இல்லை, நிஜ வானம் அப்படித்தான். அலைநீளம் ரெட்ஷிஃப்டோடு ஒன்றைக் கூட்டிய மடங்கு நீளும். 121.6 நானோமீட்டரை 3.6-ஆல் பெருக்குங்கள்: 438. 365-ஐ 1.2-ஆல் பெருக்குங்கள்: அதுவும் 438. தூரத்துக் கேலக்ஸியின் லைமன் ஆல்பா இறக்கமும் பக்கத்துக் கேலக்ஸியின் பால்மர் முறிவும் (இரண்டுமே நிறமாலையில் ஒளி சட்டென்று குறையும் இடங்கள்) ஒரே இடத்தில் விழுகின்றன. யு மங்கலாக இருந்தால் பிபிஇசட் பாவம், என்ன செய்யும்? முதல் படத்தில் இந்தக் கூட்டம் இல்லாததே சந்தேகம்தான். யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் பட்டைகளைச் சேர்த்தால் கொஞ்சம் கரையும்.

தூங்காத_வால்மீன்:
நன்றி அண்ணா, படத்தை அனுப்பிவிட்டேன்.

அரைமணி_நிலா:
டெம்ப்ளேட்டை மாற்றினீர்களா?

அரைமணி_நிலா:
ஹலோ?