ரெண்டு டம்ளரும் ஒட்டிக்கிச்சு: எல்லைப் பக்கம் ஜின் கலக்கின கதைகள்

செங்கோட்டைக்காரன்:

வீட்டுல ஜின் கலந்து பாத்தவங்க இருந்தா உங்க கதையச் சொல்லுங்க. நான் ஆரம்பிச்சு வைக்கிறேன்.

என் சேக்காளி தென்மலைல பொண்ணு எடுத்து அங்கேயே தங்கிட்டான். போன வைகாசில அவன் வீட்டுக்குக் கிளம்பினேன். புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு வந்தப்பதான் தேதி ஞாபகம் வந்துச்சு. ஒண்ணாந்தேதி. கேரளாவுல மாசாமாசம் அன்னிக்குச் சாராயக் கடை கிடையாது. போச்சுடான்னு போன் போட்டா, "நீ வர்றேன்னு சொன்ன அன்னிக்கே ஜின் வாங்கி வச்சாச்சுல"ன்னான். ஜின்னோட ஊத்துற கசப்பு சோடா, டானிக்னு பேரு, அது மட்டும் கிடைக்கலையாம். மளிகைக் கடையில டானிக் இருக்கான்னு கேட்டதுக்கு, "ஆருக்கு, கொச்சினா?"ன்னு, அதாவது பிள்ளைக்கான்னு கேட்டு, கடைக்கார சேட்டன் மருந்துக்கடையக் கை காட்டிட்டாராம்.

கையில இருந்தது ஜின், சோடா, அப்புறம் புளியங்குடி சந்தையில நான் வாங்கிட்டுப் போன ஒரு கிலோ எலுமிச்சை. யோசிச்சுப் பாத்தா அது குலுக்கி சர்பத் சாமான்தான், கேரளாக் கடையில எலுமிச்சையும் மிளகாவும் போட்டுக் குலுக்கித் தருவாங்களே அது. சரி, அந்த வழியிலயே போவோம்னு முடிவு பண்ணினோம்.

அளக்க எதுவும் இல்ல. இருமல் மருந்து மூடியக் கழுவி எடுத்தோம், 10 மில்லின்னு கோடு போட்டிருக்கும்ல. மூணு தடவ சோப்புப் போட்டும் முதல் கிளாஸ்ல ஒரு துளசி வாசம். ஜின் 60 மில்லி. சர்க்கரையும் தண்ணியும் சரிக்குச் சரி வச்சுக் கரைச்ச பாகு 20. எலுமிச்சையும் 20னு எங்கயோ படிச்சிருந்தான். நம்ம நாட்டு எலுமிச்சைக்கு அது ஜாஸ்திவே, பல்லு கூசிடுச்சு. அடுத்த ரவுண்டுல 15ஆக் குறைச்சோம். கீறின பச்ச மிளகா ஒண்ணு.

ஒரு எவர்சில்வர் டம்ளர்ல எல்லாத்தையும் ஊத்தி, ஐஸ் போட்டு, இன்னொண்ண மேல கவுத்து, பத்துப் பதினஞ்சு செகண்ட் குலுக்கினேன். கை மரத்துப் போச்சு. டம்ளர் வெளிய வெள்ளையாப் பனி பூத்துருச்சு. தொறக்கப் பாத்தா வரல! உள்ள காத்து குளுந்து சுருங்குதுல்லா, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிடுச்சு. நான் இழுக்க, அவன் இழுக்க, கடைசில அவன் மாமியார் வந்து வாங்கி, விளிம்புப் பக்கமா உள்ளங்கையால ஒரே தட்டு. திறந்துடுச்சு. "சரபத்துக் கடையில கண்டிட்டில்லே?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

வடிகட்டி சோடா ஊத்திக் குடிச்சோம். ஜூனிபர் காய் வாசம், அதாவது பைன் மரத்த அறுத்த இடத்துல வருமே அது, முதல்ல வருது. பின்னாடி எலுமிச்சை. தொண்டைக்குப் போனப்புறம்தான் மிளகா. என்னக் கேட்டா சர்பத் போடத் தெரிஞ்சவனுக்கு ஜின் கலக்கத் தனியாப் படிக்க வேண்டியதில்ல. சப்ஜா விதைய மட்டும் விட்டுருங்க, மீசையெல்லாம் ஒட்டுது.

களியக்காவிளை மக்கா:

நீரு சோடாவக் கடைசில ஊத்தினீரு, தப்பிச்சீரு ஓய். நான் எல்லாத்தையும் ஒண்ணா ஒரு ஸ்டீல் தண்ணி பாட்டில்ல ஊத்தி, மூடியத் திருகிக் குலுக்கினேன். சோடாவும் சேத்துதான். மூடியப் பாதி திருப்பல, படார்னு பறந்து பேன்ல அடிச்சு எங்கேயோ விழுந்துது. சீலிங்கு, காலண்டரு, எனக்க சட்டை எல்லாம் ஜின்னு. அம்மைக்குக் கண்ணு சரியா தெரியாது, மூக்கு நல்லா தெரியும். எளவு, ரெண்டு நாளு சோறு போடல.

இன்னொண்ணு, கருப்பட்டிப் பாகு ஊத்திப் பாக்காதீங்க மக்கா. சுக்குக் காப்பில ஸ்பிரிட்டு விழுந்த மாதிரி இருந்துது.

திருத்தணி ஜவுளிக்கடை:

செங்கோட்டையாரே, கோவிச்சுக்காதீங்க. பச்ச மிளகாவும் பாகும் போட்டுட்டா அடியில ஜின் இருந்தா என்ன, வேற எது இருந்தா என்ன? ஜின்னோட வாசம் தெரியணும்னா டானிக்தான். ஒரு பங்கு ஜின், ரெண்டு பங்கு டானிக். எல்லாமே முன்னாடியே சில்லுனு இருக்கணும். ஐஸ் சின்னதா இருந்தா பேசிக்கிட்டு இருக்கும்போதே கரைஞ்சு தண்ணியாயிடும். நான் புள்ளைங்க டிபன் டப்பாவுல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு, ஒரே கட்டியா எடுத்து ரெண்டா உடைச்சுப் போடுவேன்.

டானிக் கிடைக்கிறதுதான் எங்க பக்கமும் பாடு. ஆந்திராப் பக்கம் நகரி ஊர்லேருந்து வர்ற பையன்கிட்ட சொல்லி விட்டா ஒருதடவ சோடா, ஒருதடவ லெமன் சோடா. ஒருநாள் லேபிள் கிழிஞ்சு ஒரு பாட்டில் வந்துது, என்னன்னு தெரியல. கல்லாவுல கள்ள நோட்டு பாக்குற ஊதா லைட் இருக்குதே, அதுக்கு அடியில ஒரு கிளாஸ் ஊத்தி வச்சேன். அப்படியே நீலமா எரியுது! டானிக்ல இருக்குற குயினைனுக்கு அந்தக் குணம். பக்கத்துல சோடாவ வச்சேன், சும்மா கெடந்துது. அன்னிலேருந்து எந்த பாட்டில் வந்தாலும் கல்லாவுக்குப் போய்ட்டுதான் ஃப்ரிட்ஜுக்கு. பட்டுச்சேல எடுக்க வந்த அம்மா ஒருத்தங்க, "அது இன்னாங்க தீர்த்தமா?"ன்னு கேட்டாங்க.

வால்பாறை பார்மசிஸ்ட்:

குயினைன் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சின்கோனா என்றே ஓர் எஸ்டேட் ஊர் இருக்கிறது. குயினைன் எடுக்கும் பட்டை மரத்தின் பெயர் அது. நீலகிரியில் 1860களில் வெள்ளைக்காரர்கள் இந்த மரத்தை வைத்தார்கள். மலேரியாவுக்கு அப்போது அதுதான் மருந்து. கசப்பு தாங்காமல் சர்க்கரை, சோடா, எலுமிச்சை என்று சேர்த்து, கடைசியில் ஜின்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆக மருந்துக்கடையைக் கை காட்டிய அந்த சேட்டன் சொன்னதில் தப்பில்லை.

அதற்காக டானிக் குடித்தால் காய்ச்சலுக்கு நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு லிட்டர் டானிக்கில் 83 மில்லிகிராம் குயினைன்தான் உச்ச வரம்பு. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்குக் கொடுப்பது வேளைக்கு 600 மில்லிகிராம் அளவில், நாளுக்கு 3 வேளை. அந்த ஒரு நாள் அளவுக்கே டானிக் 20 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் டானிக் கிடைக்கவில்லை என்று நாட்டு மருந்துக்கடையில் சின்கோனாப் பட்டை வாங்கி அவரே கஷாயம் வைத்து ஜின்னில் கலந்தார். அளவு தெரியாது, வடிகட்டவும் இல்லை. ராத்திரி முழுக்கக் காதுக்குள் ரீங்காரம், தலைசுற்றல். குயினைன் ஏறினால் அப்படித்தான் செய்யும். தயவுசெய்து பாட்டில் டானிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதயத்துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

கோவிந்தாபுரம் அக்கா:

நான் குடிக்கிறதில்லீங்க. கொழுந்தனாரு லீவுல வந்தா கலக்கறது நாந்தான், அதனால சொல்றேன். ஒருக்கா அம்பது எலுமிச்சைய மரக் கட்டைல வச்சு நசுக்கிப் புழிஞ்சு காத்தாலயே ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன். சாயங்காலம் பாத்தா வாய்ல வைக்க முடியல, அத்தனை கசப்பு. தோல் எண்ணெய் எறங்கிருச்சு, சாறும் பழசாயிருச்சு. இப்ப பழத்தத் தரையில வச்சு உள்ளங்கையால உருட்டி, குறுக்க வெட்டி, கையிலதான் மெதுவாப் புழியறேன், அதும் கலக்கற நேரத்துக்கு.

மிளகா வேண்டாம்னு சொல்றவங்களுக்கு நன்னாரி சர்பத் 20 மில்லி ஊத்திக் குடுங்க. சர்க்கரைப் பாகே வேண்டாம். கொழுந்தனாரு ரெண்டாவது கேட்டாரு, நான் குடுக்கல. எனக்கு அதையே ஜின் இல்லாம, ஐஸ் ஜாஸ்தியா.

செங்கோட்டைக்காரன்:

ஜவுளிக்கடை அண்ணாச்சி, ஜின்ல எலுமிச்சையும் சர்க்கரையும் போடுறது நான் கண்டுபிடிச்சதில்ல. கிம்லெட்னு அதுக்குப் பேரே இருக்கு. கப்பல்காரங்களுக்காக எலுமிச்சைச் சாறச் சாராயம் சேக்காம சர்க்கரையில பதப்படுத்தி வைக்க லாக்லன் ரோஸ்னு ஒருத்தர் 1867ல காப்புரிமையே வாங்கியிருக்காரு. கிம்லெட்டுக்கு மொதல்ல ஊத்தினது அந்த மாதிரிச் சாறுதான். மிளகா மட்டும்தான் நம்ம சேர்மானம், அத வேணா எடுத்துருதேன்.

அக்கா, நன்னாரிய அடுத்த வாரம் தென்மலைல போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன். தேதி பாத்தாச்சு, மூணாந்தேதிதான்.