மரத்துப் போவது எந்த விரல்? கை நரம்பு அனுபவங்கள்

கொல்லாமரம், புதுக்கடை:

என் அம்மை 26 வருஷம் அண்டி ஆபீசில் வேலை பார்த்தவள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம். முதலில் கொட்டை உடைக்கிற வேலை, அப்புறம் பருப்புக்குத் தோல் உரிக்கிற வேலை. உரிப்பதெல்லாம் பெருவிரலும் சுட்டுவிரலும்தான். ஒரு நாளில் அந்த இரண்டு விரலும் எத்தனை ஆயிரம் தடவை மடங்கி நிமிரும் என்று யாரும் எண்ணியதில்லை. கூலி கிலோவுக்குத்தானே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதற ஆரம்பித்தாள். கழுவின கையில் ஈரம் போக உதறுவோமே, அதேபோல. உதறினால் கொஞ்சம் சரியாகும், படுத்தால் மறுபடி. பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துப் பட்டை கொடுத்தார். ஐம்பது வயதுக்கு மேல் யாருக்குக் கழுத்து தேயவில்லை? மூன்று மாதம் பட்டையும் போட்டாள், கையையும் உதறினாள்.

அடுத்து ஒரு வர்ம ஆசான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எனக்க எண்ணெயில தீராது மக்களே, நரம்பு பாக்குத டாக்டரப் பாருங்க" என்று காசு வாங்காமலே அனுப்பிவிட்டார்.

கடைசியில் கண்டுபிடித்தது பிசியோதெரபி படிக்கிற என் அக்காள் மகள். துடைப்பத்தில் இருந்து ஒரு ஈர்க்கில் உருவி, அம்மையைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் எல்லாம் மங்கல். சுண்டுவிரல் நல்ல தெளிவு. மோதிர விரலில்தான் வேடிக்கை. ஒரே விரலில் நடுவிரல் பக்கத்துப் பாதி மரத்திருந்தது, சுண்டுவிரல் பக்கத்துப் பாதிக்கு ஈர்க்கில் பட்டது தெரிந்தது. பேனாவால் நடுவில் ஒரு கோடு போட்டாள். "பாட்டி, இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மீடியன் நரம்பு, அந்தப் பக்கம் அல்நார் நரம்பு. கழுத்தில் கோளாறு என்றால் ஒரு விரல் இப்படிப் பாதியாகப் பிரிவது அபூர்வம்."

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குகை மாதிரி இருக்கிறதாம். தரையும் சுவரும் எலும்பு, கூரை ஒரு தடித்த நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள், அவற்றோடு மீடியன் நரம்பு. "காலை எட்டரை மணி மார்த்தாண்டம் பஸ்தான் பாட்டி. ஒருத்தர் வீங்கினால் எல்லாருக்கும் நெருக்கம். முதலில் மூச்சு முட்டுவது நரம்புக்கு." உள்ளங்கை மட்டும் ஏன் மரக்கவில்லை என்று கேட்டேன். அந்த இடத்துக்குப் போகிற கிளை குகைக்கு முன்னாலேயே பிரிந்து கூரைக்கு மேலே போய்விடுகிறதாம்.

இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னாள். அம்மைக்கு 20 விநாடியிலேயே விரலில் எறும்பு ஊற ஆரம்பித்துவிட்டது. கார்ப்பல் டனல் என்று பெயர். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளந்தும் உறுதி செய்தார்கள். தைராய்டு குறைவும் இருந்தது, அதுவும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்றார்கள். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை போட்டுப் பார்த்தோம், போதவில்லை. பெருவிரல் அடியில் இருக்கிற சதைமேடு ஏற்கெனவே குழி விழுந்திருந்தது. கையை மட்டும் மரக்கச்செய்து அந்தக் கூரையை வெட்டிவிட்டார்கள். அந்த வாரமே தூக்கம் வந்துவிட்டது. குழி மட்டும் இன்னும் நிரம்பவில்லை. கழுத்துப் பட்டையில் போன மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான்.

உங்களுக்கு எந்த விரல்?

பெஞ்சுக்காரன், குளச்சல்:

எனக்கு விரல் இல்லை, மணிக்கட்டே தொங்கிவிட்டது. மண்டைக்காடு மாசிக் கொடைக்குப் போன இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப் போட்டபடி தூங்கிவிட்டேன். (குடித்திருந்தாயா என்று கேட்பீர்கள். அதை விடுங்கள்.) விடிந்து பார்த்தால் வலது கை வாடின கீரைத்தண்டு மாதிரி தொங்குகிறது, தூக்க வரவில்லை. வாதம் அடித்துவிட்டது என்று மயினி அழ ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர் சிரிக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், பேச்சுக் கொடுத்தார். எல்லாம் சரி. கைமுட்டை, அதாவது முழங்கையை, நீட்டச் சொன்னார், நீண்டது. அவருடைய விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னபோது பிடி வரவில்லை. ஆனால் அவரே என் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்கச் சொன்னதும் நல்ல பிடி! "மூளையில் ஒன்றுமில்லை. ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது" என்றார். மேல்கை எலும்பின் பின்பக்கமாக ஒட்டிச் சுற்றி வருகிற நரம்பு அது. நாற்காலி விளிம்பு அங்கேதான் அழுத்தியிருக்கிறது. முட்டை நீட்டும் தசைக்குப் போகிற கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அது தப்பித்தது. இங்கிலீஷ்காரர்கள் இதற்குச் சனிக்கிழமை ராத்திரி வாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். எனக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கிற பட்டை போட்டு ஏழு வாரம் இருந்தேன், தானாகவே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் "நாற்காலியில் தூங்கினதுதான்" என்று சும்மா இருக்காதீர்கள். வாதமா இல்லையா என்பதை உடனே ஆஸ்பத்திரியில் காட்டித்தான் முடிவு பண்ண வேண்டும்.

பழைய ஊழியர், நாகர்கோவில்:

நான் தொழுநோய் ஒழிப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். அல்நார் நரம்பைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

கைமுட்டின் உள்பக்கம் எங்கேயாவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடிக்குமே, அது எலும்பு இல்லை. எலும்பு முனைக்குப் பின்னால் தோலுக்கு அடியிலேயே ஓடுகிற அல்நார் நரம்பு. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பில் குளிர்ச்சியான இடங்கள்தான் பிடிக்கும், அதனால் அடிக்கடி மாட்டுவது இந்த நரம்பு.

ஒரு அக்காள் அக்கானி (பதநீர்) காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கொதிக்கிற பாகு தெறித்து அவருடைய சுண்டுவிரலில் விழுந்தது. நான்தான் துள்ளினேன், அவர் துடைத்துவிட்டு அகப்பையைத் திரும்பவும் கிண்டினார். "சுடல்லியா அக்கா?" "அந்த வெரலு ஒண்ணும் சொல்லாது தம்பி." முட்டுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். கயிறு மாதிரி தடித்திருந்தது. விரல்களுக்கு நடுவே ரேஷன் கார்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன், சும்மா உருவினாலே வந்துவிட்டது. விரல்களை ஒட்டிச் சேர்க்கிற குட்டித் தசைகளுக்கு வேலை கொடுப்பது இந்த நரம்புதான்.

கூட்டு மருந்து 12 மாதம், நரம்பு வீக்கத்துக்குத் தனியாக மாத்திரை. இலவசம்தான். விரல் மடங்கிப் போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம். மடங்கிப் போனவர்களுக்கும் வழி உண்டு. 1940களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், நல்ல நரம்பின் கட்டுப்பாட்டில் இருக்கிற தசைநாணைத் திருப்பிக் கொண்டுவந்து, செத்த தசையின் வேலையைச் செய்ய வைத்தார். ஆனால் உணர்ச்சி திரும்பாது. வலிக்காத புண்ணைப் பார்த்துப் பயப்படுங்கள் என்று நான் ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். வலிக்காததால் யாரும் கேட்கவில்லை.

ரப்பர்ப்பால், குலசேகரம்:

காலையில் சுண்டுவிரல் மட்டும் மரத்திருக்கிறது. ராத்திரி முட்டை மடக்கி போனைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். அதுவாக இருக்குமோ?

பழைய ஊழியர்:

இருக்கலாம். முட்டு மடங்கினால் அந்த நரம்பு இழுபடும், அழுந்தும். நான்கு நாள் போனைத் தூரமாக வைத்துவிட்டு, முட்டில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு தூங்கிப் பாருங்கள். போகவில்லை என்றால் காட்டுங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை எதுவும் இருந்தால் நான்கு நாள்கூட வேண்டாம்.

பிச்சிப்பூ, தோவாளை:

என் மச்சினன் சந்தைக்குப் பூ கொண்டுவந்தபோது பைக்கில் இருந்து விழுந்தான். தோள் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறான். எலும்பு எதுவும் உடையவில்லை. விரல் அசைந்தது, ஆனால் தோளைத் தூக்க முடியவில்லை, முட்டை மடக்க முடியவில்லை. "எக்ஸ்ரே நல்லா இருக்கு, போகப்போகச் சரியாகும்" என்று ஓர் இடத்தில் சொன்னதை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது.

கழுத்தில் இருந்து கைக்கு 5 வேர்கள் வருகின்றன. எங்கள் ஊரில் பூக்கட்டுகிறவர்கள் நாரைச் சேர்த்துப் பிரித்துச் சேர்ப்பது மாதிரி அவை அக்குள் வரைக்கும் பின்னிப் பின்னிப் போய்த்தான் கை நரம்புகளாகின்றன. அவனுக்கு மேலே இருக்கிற இரண்டு வேர்கள் பிய்ந்திருந்தன. ஐந்தாம் மாதம் ஆபரேஷன். நல்ல அல்நார் நரம்பில் இருந்து ஓர் இழையைப் பிரித்து, முட்டை மடக்கும் தசையின் நரம்போடு ஒட்டவைத்தார்கள். 1994இல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிய முறையாம். நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். தசைக்குப் பக்கத்திலேயே ஒட்டினால் காத்திருக்கிற நாள் குறையும்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, நடந்ததைப் பார்த்தபோதுதான் நம்பிக்கை வந்தது. முட்டை மடக்கு என்றால் மடங்கவில்லை. முஷ்டியை இறுக்கு என்றார்கள், இறுக்கினான், முட்டு மடங்கியது! பழைய வேலை மறக்காத இழை. இறுக்காமலே மடக்கப் பழக இன்னும் பல மாதம் ஆனது. இப்போதும் பாரம் தூக்கும்போது தன்னை அறியாமல் முஷ்டியைப் பிடிப்பான்.

கொல்லாமரம்:

எல்லாவற்றையும் அம்மைக்கு வாசித்துக் காட்டினேன். சின்ன உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள். அக்கானி காய்ச்சின அக்காள் வந்த இடத்தில் கை நின்றது. "எங்க ஆபீசுலயும் ஒருத்தி இருந்தா. அண்டி எண்ணெ பட்டு எங்களுக்கெல்லாம் கை வேகும், அவளுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது. குடுத்து வச்சவன்னு சொல்லுவோம்."

எந்த வருஷம் என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை.