மாஷ் எஃபிஷியன்சி 62 சதவீதத்திலேயே நிற்கிறது, எதை முதலில் மாற்றுவது?

அடிநுரை:
மாஷ் எஃபிஷியன்சி என்றால் மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) எடுக்கக்கூடிய சர்க்கரையில் எத்தனை சதவீதம் கையில் வருகிறது என்பது. வீட்டில் 5 லிட்டர் அளவில் துணிப்பை முறையில் பீர் காய்ச்சுகிறேன், அதாவது அரைத்த மால்ட்டைப் பையில் போட்டு வெந்நீரில் ஊறவைப்பது; கடையில் வாங்கும் மால்ட் சாறு எதுவும் சேர்க்காமல் மால்ட் மட்டும்தான். 1.2 கிலோ பேல் மால்ட், 7.5 லிட்டர் தண்ணீர். மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றிவிடுவேன், ஸ்பார்ஜ் (ஊறிய மால்ட்டின் மேல் தண்ணீர் ஊற்றி மிச்சச் சர்க்கரையைக் கழுவி எடுப்பது) கிடையாது. 66 டிகிரியில் 60 நிமிடம் ஊறவிட்டு, பையை நன்றாகப் பிழிந்து எடுத்துவிடுவேன். செய்முறையில் ஓஜி (நொதிக்கும் முன் உள்ள அடர்த்தி) 1.052 என்று போட்டிருக்கிறது, எனக்கோ 1.045-க்கு மேல் ஏறுவேனா என்கிறது. மால்ட்டைக் கடையிலேயே அரைத்து வாங்குகிறேன். நேரத்தை 90 நிமிடமாக்கு என்கிறார் ஒருவர், ஸ்பார்ஜ் செய் என்கிறார் இன்னொருவர், பிஎச் பார்த்தாயா என்கிறார் மற்றொருவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

உமிக்காரன்:
கொதிக்க வைப்பதற்கு முன்னால் எவ்வளவு வோர்ட் (பையிலிருந்து வடிந்த இனிப்புச் சாறு) இருந்தது, அதன் கிராவிட்டி (அடர்த்தி) என்ன? அது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான். எஃபிஷியன்சி என்று ஒரே எண்ணாகப் பேசுகிறோமே தவிர உள்ளே இரண்டு சங்கதி இருக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறாமல் தானியத்திலேயே நின்றுவிடுவது ஒன்று, மாறிய சர்க்கரை பைக்குள் ஈரத்தோடு தங்கிவிடுவது இன்னொன்று. முதலாவதுதான் பிரச்சினை என்றால் எத்தனை ஸ்பார்ஜ் செய்தாலும் பெரிதாக ஒன்றும் வராது.

இன்னொன்று, சூடாக இருக்கும்போதே ஹைட்ரோமீட்டரை (கிராவிட்டி அளக்கும் மிதவை) போட்டுப் பார்க்கவில்லையே? பெரும்பாலானவை 20 டிகிரிக்கு அளவிடப்பட்டவை, 60 டிகிரி வோர்ட்டில் போட்டால் 15 புள்ளிக்கு மேல் (ஒரு புள்ளி என்பது 0.001) குறைத்துக் காட்டும். வோர்ட்டின் அளவையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அரை லிட்டர் முன்னே பின்னே போனால் பெரிய பானையில் பெரிதாகத் தெரியாது, 5 லிட்டரில் அது 10 சதவீதம்.

அடிநுரை:
ஆறவைத்துத்தான் பார்த்தேன். பை பிழிந்த பிறகு 7 லிட்டர், 1.032. பானைக்குள் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அளந்தது, அதனால் அளவில் சந்தேகம் இல்லை.

உமிக்காரன்:
அப்படியானால் கணக்குப் போட்டுவிடலாம். பேல் மால்ட்டின் எடையில் சுமார் 77 சதவீதம் கரையக்கூடியது என்று வைத்தால் 1.2 கிலோவில் 0.92 கிலோ வரும். அது முழுக்க உங்கள் 7.5 லிட்டரில் கரைந்திருந்தால் பையைத் தூக்கும் முன்பே பானையில் 1.044 காட்டியிருக்க வேண்டும், உங்களுக்கு 1.032. கால் பங்குக்கு மேல் மாறவே இல்லை. பையில் தங்குவதும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் முக்கியமான ஓட்டை அங்கே இல்லை. அரவையைப் பாருங்கள்.

மால்ட்மணி:
நானும் அரவை கட்சி. கடைகளில் பொதுவாக மில்லின் இடைவெளியை 1 மில்லிமீட்டர், அதற்கும் மேலே வைத்திருப்பார்கள், ஏனென்றால் உமி உடைந்தால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும் என்ற பயம். துணிப்பையில் அந்தப் பயமே தேவையில்லை, பைதானே வடிகட்டி. 0.7, 0.8 வரை தாராளமாக இறக்கலாம். சொந்த மில் இல்லை என்றால் இரண்டு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள். உமி கிழிந்து தனியாகவும், உள்ளே இருந்தது நொய்யும் மாவுமாகவும் தெரிந்தால் சரி. முழு மணிகள் அங்கங்கே சிரித்துக்கொண்டு கிடந்தால் உங்கள் 1.052 அங்கேதான் இருக்கிறது.

மாவு மிச்சமிருக்கிறதா என்று அயோடின் சோதனை செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உமி இல்லாத தெளிந்த துளியை வெள்ளைத் தட்டில் விட்டு, அயோடின் பழுப்பாகவே நின்றால் முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். அது தண்ணீரில் இருக்கும் மாவை மட்டும்தான் சொல்லும், பெரிய நொய்க்குள் இன்னும் ஊறாமல் இருப்பதைச் சொல்லாது. அதனால் கிராவிட்டியை 30, 45, 60 நிமிடத்தில் பாருங்கள், ஏறிக்கொண்டே இருந்தால் பையை எடுக்காதீர்கள். சோதித்த துளியைத் திரும்பப் பானையில் ஊற்றிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கசப்புமுனி:
சூட்டையும் விட்டுவிடாதீர்கள். சின்னப் பானை சீக்கிரம் ஆறிவிடும், 66-ல் ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 60-க்குக் கீழே வந்தாலும் ஆச்சரியமில்லை. கனமான துண்டுகளால் சுற்றி வையுங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். மாவைக் கொட்டும்போது கட்டி விழுந்தால் அதன் நடுவில் தண்ணீரே போகாது, அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே உடைத்துவிட வேண்டும். அப்புறம் பிஎச். 5.2-லிருந்து 5.6-க்குள் இருந்தால் போதும். வெளிர் மால்ட் மட்டும் போட்டு, பைகார்பனேட் அதிகமுள்ள தண்ணீரில் காய்ச்சினால் மேலே போய்விடும். லாக்டிக் அமிலம் சில துளி, இல்லை என்றால் அமில மால்ட். மொத்த எடையில் 1 சதவீதம் அமில மால்ட் சேர்த்தால் 0.1 அளவுக்கு இறங்கும் என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு.

சும்மாகுடி:
இவ்வளவு அலட்டல் எதற்கு? பெரிய ஆலைக்காரனுக்கு ஒரு சதவீதம் என்றாலே காசு. உங்களுக்கு 7 புள்ளிதான் குறைகிறது, 200 கிராம் மால்ட் கூட்டினால் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் 62 வருகிறது என்றால் அதைவிட நிம்மதி என்ன வேண்டும், ஒருநாள் 58 ஒருநாள் 75 என்று ஆடுபவர்கள்தான் பாவம்.

உமிக்காரன்:
பையில் தங்குவதால் வந்த 62 என்றால் நீங்கள் சொல்வது சரி, நானே மால்ட்டைக் கூட்டச் சொல்லியிருப்பேன். மாவு மாறாமல் நின்ற இடத்தில் இன்னும் 200 கிராம் கொட்டினால், அதிலும் ஒரு பங்கு மாறாமல்தான் நிற்கும். பையைப் பிழியும்போது அந்த மாவும் கொஞ்சம் வோர்ட்டுக்குள் வந்துவிடும், கொதியில் கரைந்தால் பீர் தெளியாமல் கலங்கலாகவே நிற்கும். அடிநுரை, அடுத்த தடவை அதே 1.2 கிலோ, அதே 7.5 லிட்டர், அரவையை மட்டும் மாற்றிப் போட்டு, கொதிக்கும் முன் எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதுங்கள். 1.038 தாண்டினால் ஸ்பார்ஜ் பற்றிப் பேசுவோம், ஒன்றரை லிட்டரை ஒதுக்கி வைத்துப் பையின் மேல் ஊற்றினாலே அதற்குப் போதும்.