காலேஜ்வில் ஆசீர்வாதப்பர் சபை மடம்: அப்பாவை அழைத்துப் போகலாமா?

வைகைக்கரை:
மினியாபொலிஸில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா வந்திருக்கிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இங்கே மினசோட்டாவிலேயே உள்ள காலேஜ்வில்லில் புனித ஜான் பல்கலைக்கழகமும் கத்தோலிக்கத் துறவிகளின் மடமும் ஒரே வளாகத்தில் இருப்பதைக் கேள்விப்பட்டதிலிருந்து போகணும் என்கிறார். நாங்கள் இந்துக்கள். ஜெப நேரத்தில் உள்ளே விடுவார்களா? அப்பாவுக்கு முழங்கால் வலி வேறு.

முத்துநகர்:
தாராளமாகப் போங்க அக்கா. நான் அங்கே நாலு வருஷம் படித்தவன். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கணும் என்று ஆசீர்வாதப்பர் (புனித பெனடிக்ட்) துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலேயே இருக்கிறது. திருப்பலியில் நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு. மற்றபடி யாரும் உட்காரலாம்.

வாசலில் 112 அடி உயரக் கான்கிரீட் பலகை, அதில் ஐந்து மணிகள். மார்செல் பிராயர் வடிவமைத்து 1961-ல் முடிந்த கோயில். தூத்துக்குடி பனிமய மாதா கோயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் மனசு ஒட்டவில்லை. உள்ளே போய், வடக்குச் சுவர் முழுக்கத் தேன்கூடு மாதிரி நிற்கும் வண்ணக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் ஒட்டியது.

நண்பகல் ஜெபத்துக்குக் கட்டாயம் இருங்க. திருப்பாடலின் ஒவ்வொரு வரியையும் பாதியில் நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம்தான் மறுபாதி சொல்வார்கள். முதல் நாள் அவசரத்தில் நான் முந்திவிட்டேன். பக்கத்திலிருந்த வயதான துறவி என் புத்தகத்தில் விரலை வைத்து, நிறுத்தும் இடத்தைக் காட்டினார். பரீட்சை நாட்களில் அந்த இடைவெளிக்காகவே போய் உட்காருவேன்.

வளாகத்து ஏரிக்கு அக்கரையில் மாதா சிற்றாலயம் இருக்கிறது. காட்டுப்பாதையில் வெகுதூரம் நடக்கணும், அப்பாவுக்கு வேண்டாம். இக்கரையிலிருந்தே தெரியும்.

ஏடும்எழுத்தும்:
தமிழாசிரியர் என்றால் அதே வளாகத்தில் இருக்கும் ஹில் சுவடி நூலகத்தை விடாதீங்க. இன்னொரு போர் வந்தால் ஐரோப்பிய மடங்களின் சுவடிகள் அழிந்துபோகுமே என்ற பயத்தில், 1965-ல் ஆஸ்திரியாவில் அவற்றைப் படச்சுருளில் (மைக்ரோஃபிலிம்) பதிவெடுக்கத் தொடங்கினார்கள். கேரளத்துக் கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழிச் சுவடிகள் வரை வந்துவிட்டது அந்த வேலை.

எழுத்துக்கலைஞர் டொனால்ட் ஜாக்சன் தலைமையில் இறகுப் பேனாவால் கன்றுத்தோலில் எழுதி, 2011-ல் முடித்த விவிலியமும் அங்கேதான். எழுதும்போது ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதை அடி ஓரத்தில் எழுதி, ஒரு தேனீ கயிறு கட்டி உரிய இடத்துக்கு இழுப்பதாக வரைந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்க.

வைகைக்கரை:
சனிக்கிழமை போய் வந்தோம். தேனீப் பக்கத்தின் நகலைக் காட்டினார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் விட்ட வரிகளைப் பற்றி வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். நண்பகல் ஜெபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம், தம்பி. நிறுத்தும் இடம் அவருக்கு இரண்டாவது பாடலிலேயே பிடிபட்டுவிட்டது.