பி.ஐ.ஆர். சென்சர்: ஆள் இல்லாதபோதும் விளக்கு எரிகிறது, அணைந்த நொடியே மறுபடி எரிகிறது

புதுச்சுற்று

வணக்கம். மாடிப்படி விளக்கைத் தானாக எரியவைக்க ஒரு பெட்டி செய்திருக்கிறேன். உள்ளே இருப்பவை: ஹெச்சி-எஸ்ஆர்501 பி.ஐ.ஆர். சென்சர் (உடல் வெப்பத்தின் அகச்சிவப்பை வைத்து ஆள் அசைவை உணர்வது), இஎஸ்பி8266 நோட்எம்சியு போர்டு (நிரலை ஓட்டும், வைஃபை உள்ள சின்ன போர்டு), 5 வோல்ட் ரிலே மாட்யூல் (விளக்கைப் போட்டு அணைக்கும் மின்சுவிட்ச்). மூன்றுக்கும் ஒரே 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். சென்சரின் விசிசி 5 வோல்டில், அவுட்புட் டி5 பின்னில் (ஜிபிஐஓ 14). பெட்டி சின்னது, அதனால் சென்சர் போர்டுக்கு நேர் மேலே 2 செ.மீ. இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. சென்சரின் நேரத் திருகைக் குறைந்தபட்சத்தில் வைத்துவிட்டு, 60 நொடிக் கணக்கை நிரலில் வைத்திருக்கிறேன். ஜம்பர் 'ஹெச்' பக்கம் (அசைவு தொடரும்வரை அவுட்புட் உயர்ந்தே இருக்கும்).

சிக்கல் இரண்டு. ஒன்று, நள்ளிரவில் யாருமே இல்லாதபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளக்கு எரிகிறது. இரண்டு, 60 நொடி முடிந்து அணைந்தால் அந்தக் கணமே திரும்ப எரிகிறது. சில சமயம் நாலைந்து சுற்று இப்படியே ஓடுகிறது. சென்சரை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

வேல்முனை

சென்சிட்டிவிட்டி திருகை முழுசா குறைச்சுடுங்க. 7 மீட்டர் எல்லாம் மாடிப்படிக்கு எதுக்கு, 3 மீட்டர் போதும். பல்லி, பூச்சி ஏதாவது லென்ஸ் மேல ஓடினாலும் இப்படி ஆகும்.

ஈயப்பற்று

திருகை இப்போதைக்குத் தொடாதீர்கள். குறைத்தால் கோளாறு மறையும், போகாது. நாளைக்கு நிஜமாகவே ஆள் ஏறும்போது விளக்கு எரியாமல் வேறு வழக்கு வரும்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பொய்த் தூண்டல் லென்ஸ் வழியாக வருகிறதா, கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வருகிறதா? சென்சரையே மாற்றியும் மாறவில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் இரண்டாவதன் மேல்தான். ஆனாலும் சோதித்துவிடலாம்.

லென்ஸை மூடுங்கள். எதைக் கொண்டு மூடுகிறீர்கள் என்பது முக்கியம். பிளாஸ்டிக் பையால் மூடினால் மூடியதாகவே ஆகாது. அந்த வெள்ளை லென்ஸே பாலித்தீன்தான், உடல் வெப்பத்தின் 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அதைத் தாண்டிப் போவதால்தான் சென்சர் வேலையே செய்கிறது. அலுமினியத் தாளும் வேண்டாம். அது வெப்பத்தைத் தடுக்கும், கூடவே வைஃபை அலையையும் ஓரளவு தடுத்துவிடும். கோளாறு நின்றால் எதனால் நின்றது என்று தெரியாமல் போகும். தடித்த அட்டையில் சின்ன டப்பா மாதிரி செய்து கவிழ்த்துவிடுங்கள்.

அதோடு நிரலில் ஒரு மாற்றம். டி5 பின் எப்போது உயர்கிறது, எப்போது இறங்குகிறது என்று இரண்டு நேரத்தையும் லாகில் எழுதுங்கள். உங்கள் சென்சரின் குறைந்தபட்சத் துடிப்பு ஏறத்தாழ 3 நொடி இருக்கும். லாகில் தெரிவது சில மில்லி நொடிக் குத்துகள் என்றால், அவை சென்சரில் பிறந்தவை அல்ல; கம்பியில் ஏறியவை. முழு 3 நொடித் துடிப்பு என்றால் சென்சரே ஏமாந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் சென்சர் நிலைக்கு வரும்வரை தானாக ஒன்றிரண்டு முறை தூண்டும்.

புதுச்சுற்று

அட்டை டப்பா கவிழ்த்து இரவு முழுக்க ஓடவிட்டேன். இரண்டு சிக்கலும் அப்படியே இருக்கின்றன. லாகில் எல்லாமே 3 நொடிக்குப் பக்கத்தில். மில்லி நொடிக் குத்து ஒன்றுகூட இல்லை.

ஒன்று கவனித்தேன். இரவில் வரும் பொய்த் தூண்டல் பலதும், போர்டு சர்வருக்கு நிலைத் தகவல் அனுப்பியவுடனே வருகிறது.

ஈயப்பற்று

நல்ல கவனிப்பு. பாதி வேலை முடிந்தது. இன்னும் இரண்டு சோதனை, ஒவ்வொன்றாக:

முதலில், நிரலில் வைஃபையை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டுங்கள். லாகை யுஎஸ்பி வழியாகப் பாருங்கள்.

அடுத்து, வைஃபையைப் பழையபடி போட்டுவிட்டு, ரிலேக்குப் போகும் சிக்னல் கம்பியை மட்டும் கழற்றிவிடுங்கள். நிரல் ரிலேயை இயக்குவதாகவே நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு என்று நினைக்கிறேன்.

புதுச்சுற்று

சொன்னபடியே: வைஃபை இல்லாதபோது இரவுத் தூண்டல் அறவே நின்றது, ஆனால் 'அணைந்ததும் எரிவது' நிற்கவில்லை. ரிலே கம்பியைக் கழற்றியபோது அது நின்றது, இரவுத் தூண்டல் திரும்ப வந்தது.

அலைவரிசை

முதல் கோளாறுக்கு நான் வருகிறேன்.

சென்சரின் உலோகக் குப்பிக்குள் இருக்கும் பைரோ படிகம் தரும் சிக்னல் மிக மிகச் சின்னது. அதை வாங்க உள்ளே ஒரு எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) இருக்கிறது. அதன் கேட் முனையில் மின்தடை பல ஜிகா ஓம். அதற்குப் பின்னால் பிஐஎஸ்எஸ்0001 சிப், வந்ததை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்குகிறது. இப்படி ஓர் ஒட்டுக்கேட்கும் காதுக்கு 2 செ.மீ. தள்ளி வைஃபை ஆண்டெனாவை வைத்தால் என்ன ஆகும்?

2.4 ஜிகாஹெர்ட்ஸை அந்தப் பெருக்கி நேரடியாகப் பெருக்காது. ஆனால் எஃப்இடி அந்த அலையை ஒருதிசையாக்கி, அதன் 'உறை'யை, அதாவது பலம் ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் வெளியே விடும். வைஃபை தொடர்ந்து ஒரே சீராக அனுப்புவதில்லை. சும்மா இருந்து, திடீரென்று கொத்தாக அனுப்பும். அந்த ஏற்ற இறக்கம் நொடிக்குச் சில முறை என்ற வேகத்தில் விழுந்தால், அது மனிதர் நடந்துபோவது போலவே சிப்புக்குத் தெரியும். தகவல் அனுப்பியவுடன் தூண்டுவதற்குக் காரணம் இதுதான்.

சரிசெய்ய, பலன் தரும் வரிசையில்:

இடைவெளி. இதை மிஞ்சிய மருந்து இல்லை. சென்சரை மூன்று கம்பியில் வெளியே எடுத்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள். பெட்டிக்குள்ளேயே வைத்துத்தான் தீர வேண்டும் என்றால், ஆண்டெனா எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். நோட்எம்சியு போர்டில் அது யுஎஸ்பி சாக்கெட்டுக்கு எதிர் முனை. சென்சரை யுஎஸ்பி பக்கம் தள்ளுங்கள்.

அனுப்பும் திறன். இயல்பாக அது உச்சத்தில், 20.5 டிபிஎம் (அலையின் திறனை டெசிபெல்லில் சொல்லும் அளவு) அளவில் இருக்கும். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் 10 டிபிஎம் போதும். நிரலில் ஒரு வரி. 10 டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

தடுப்பு. சென்சர் போர்டின் பின்பக்கம் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் செப்பு நாடா அல்லது அலுமினியத் தாள் சுற்றி, அதைக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். கிரவுண்டில் சேர்க்காமல் சும்மா சுற்றிவிட்டால், சில நேரம் அதுவே ஆண்டெனாவாகி நிலைமையைக் கெடுக்கும்.

முதல் இரண்டைச் செய்தாலே பெரும்பாலும் மூன்றாவதுக்கு வேலை வராது.

ஈயப்பற்று

இரண்டாவது கோளாறு இன்னும் சுவாரசியமானது. அதை உண்டாக்கியது நிரலில் நீங்கள் வைத்த 60 நொடி.

ஹெச்சி-எஸ்ஆர்501 தன் அவுட்புட்டை இறக்கியபின், ஏறத்தாழ 2.5 நொடி கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் எது வந்தாலும் கண்டுகொள்ளாது. இந்தத் தடை நேரத்தை வைத்ததே, விளக்கு அணையும்போது வரும் மின் அதிர்ச்சியைப் பார்த்து மறுபடி தூண்டிவிடக் கூடாது என்பதற்குத்தான். நேரத் திருகையே 60 நொடிக்குத் திருப்பி, சென்சரே விளக்கை நடத்தினால், அணைவதும் கண்மூடலும் ஒன்றாக நடக்கும். உங்கள் அமைப்பில் சென்சரின் அவுட்புட் 3 நொடியில் இறங்கிவிடுகிறது, கண்மூடல் ஐந்தரை நொடியில் முடிந்துவிடுகிறது. ரிலே விடுவதோ 60-வது நொடியில். அப்போது சென்சர் முழுசாக விழித்திருக்கிறது.

ரிலே விடும்போது என்ன நடக்கிறது? 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். அது சட்டென்று நின்றால் அடாப்டரின் 5 வோல்ட் லேசாகத் துள்ளும். சென்சர் போர்டில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருந்தாலும், இந்தத் துள்ளலில் கொஞ்சம் உள்ளே போகும். போதாக்குறைக்கு ரிலேயின் தொடுமுனையில் பொறி பறக்கும்.

தீர்வு இரண்டு இடத்தில்.

நிரலில்: ரிலேயை மாற்றிய ஒவ்வொரு முறையும் 3 நொடிக்கு டி5 பின்னைப் படிக்காதீர்கள். அந்த 3 நொடி முடியும்போது பின் உயர்ந்தே இருந்தால் அதையும் நம்பாதீர்கள். அது அதிர்ச்சியில் பிறந்த துடிப்பின் வாலாக இருக்கலாம். ஒருமுறை இறங்கி, மறுபடி உயர்ந்தால் மட்டும் ஆள் என்று எடுங்கள். இதற்குக் கைமாறாக, அணையும் நொடியில் சரியாக ஒருவர் வந்தால் சில நொடி இருட்டில் நிற்பார். ஜம்பர் 'ஹெச்'சில் இருப்பதால் அவர் தொடர்ந்து நடந்தால் துடிப்பு நீண்டுகொண்டே போகும். மாடிப்படி என்பதால் அப்படி நீளும்போது 5 நொடி வரம்பு வைத்து, அதற்குமேல் உயர்ந்தே இருந்தால் விளக்கைப் போட்டுவிடுங்கள்.

சுற்றில்: சென்சரின் விசிசிக்கு முன் தொடராக 220 ஓம் ரெசிஸ்டர், சென்சர் பக்கம் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 470 மைக்ரோஃபாரட் மின்பகு கெபாசிட்டர், அதன் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக். சென்சர் இழுப்பது சுமார் 65 மைக்ரோ ஆம்பியர்தான். 220 ஓமில் விழுவது 15 மில்லிவோல்ட்கூட இல்லை. ஆனால் அவுட்புட்டில் எல்இடி எதையும் தொங்கவிடாதீர்கள். அதன் மின்னோட்டமும் இந்த 220 ஓம் வழியாகத்தான் வரும், சென்சருக்குப் போகும் வோல்டேஜ் ஆடும்.

வேல்முனை

ரிலே தொடுமுனைக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (தொடராக ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்) போட்டா பொறி குறையுமே? 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட்.

ஈயப்பற்று

குறையும். ஆனால் அவர் எல்இடி விளக்கு வைத்திருந்தால் தொடுமுனைக்குக் குறுக்கே வேண்டாம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக 7 மில்லி ஆம்பியர் கசியும். ரிலே திறந்திருந்தாலும் விளக்கு மங்கலாக எரியும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுச் சிமிட்டும். ஸ்னப்பரை விளக்குக்குக் குறுக்கே போடுங்கள். கெபாசிட்டர் 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகையாகவே (மெயின் மின்சாரத்துக்குக் குறுக்கே போடத் தகுந்த பாதுகாப்பு வகை) இருக்க வேண்டும். சாதா கெபாசிட்டர் இந்த இடத்தில் தீப்பிடிக்கலாம். வேலை செய்யும்போது மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

கிரவுண்டுக்கம்பி

இழைக்கு நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையதில் நேர் எதிர். குளிர்ந்த நேரத்தில் 6 மீட்டரில் பிடிக்கும் சென்சர், பகலில் அறை 36 டிகிரி ஆனால் 2 மீட்டரில்கூடப் பிடிப்பதில்லை. பழுதா? அப்புறம் ஒன்று, டி5-க்குப் பதில் டி3 பின்னில் கொடுத்தால் போர்டே எழுந்திருக்க மறுக்கிறது.

அலைவரிசை

சென்சர் பழுதில்லை. அது பார்ப்பது வெப்பத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. தோலும் உடையும் ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி. பின்னால் இருக்கும் சுவரும் அதே அளவுக்கு வந்துவிட்டால், நடந்துபோவது வெற்றிடம் மாதிரிதான். போர்டில் 'ஆர்டி' என்று போட்ட இடத்தில் தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் உறுப்பு) வைக்கலாம், ஓரளவுதான் உதவும். சென்சரை ஆள் நேராக எதிரே வராமல் குறுக்கே கடக்கும்படி மாட்டினால் அதைவிடப் பலன் உண்டு. உள்ளே இரண்டு படிகங்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அசைவுதான் பெரிய சிக்னல் தரும். அதிலும் போதவில்லை என்றால் 24 ஜிகாஹெர்ட்ஸ் ரேடார் மாட்யூலுக்கு மாறுங்கள். அதற்கு வெப்பம் ஒரு பொருட்டில்லை. ஓடும் மின்விசிறியும் ஆடும் திரைச்சீலையும்தான் அதற்கு எமன்.

டி3 என்பது ஜிபிஐஓ 0. போர்டு எழும்போது அது உயர்ந்திருக்க வேண்டும். சென்சர் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதால், நிரல் ஏற்றும் நிலைக்குப் போய் நின்றுவிடுகிறது. டி4-ம் இதே கதை. டி8 தலைகீழ்: அது எழும்போது இறங்கியிருக்க வேண்டும். டி1, டி2, டி5, டி6, டி7 ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

புதுச்சுற்று

சென்சரை 25 செ.மீ. கம்பியில் வெளியே எடுத்தேன், அனுப்பும் திறனை 10 டிபிஎம் ஆக்கினேன். நிரலில் 3 நொடித் தடையும் 5 நொடி வரம்பும் போட்டாயிற்று. மூன்று இரவாகப் பொய்த் தூண்டல் ஒன்றுகூட இல்லை, அணைந்தால் அணைந்தபடி இருக்கிறது. 220 ஓமும் கெபாசிட்டரும் இன்னும் போடவில்லை. தேவையா? என்னிடம் இருப்பது 16 வோல்ட் 470 மைக்ரோஃபாரட், அது போதுமா?

ஈயப்பற்று

போடுங்கள். நிரலில் இருப்பது, அதிர்ச்சியைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பதற்கான வழி. அதிர்ச்சி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அடாப்டர் பழசானால் ரிலே இல்லாமலேகூடத் துள்ளும். 16 வோல்ட் தாராளம். நீளக் கால் 220 ஓம் சேரும் விசிசி பக்கம், கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. சென்சர் போர்டிலிருந்து 2 செ.மீ.க்குள் சால்டர் செய்யுங்கள். அடாப்டர் பக்கத்தில் வைத்தால், நீங்கள் புதிதாக இழுத்த 25 செ.மீ. கம்பியில் ஏறும் இரைச்சலுக்கு அதனால் பயன் இருக்காது.