பாய்மரப் படகில் ஓய்வுக்காலம், லங்காவியில்: மாதம் 5,000 மலேசிய வெள்ளி போதுமா?

கிள்ளான்வாசி:
வணக்கம். எனக்கு 57 வயது, கிள்ளானில் சொந்த வீடு, கடன் கட்டி முடித்தாயிற்று, பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். 60ல் வேலையை விட்டதும் நானும் வீட்டுக்காரியும் லங்காவிப் பக்கம் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருக்கலாம் என்று யோசனை. 1980களில் கட்டிய 38 அடி படகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 160,000 வெள்ளி சொல்கிறார்கள். வீட்டை விற்றால் படகு போக கையில் நல்ல தொகை நிற்கும், சேமநிதிப் பணம் தனி. சாப்பாடு, மரினா (படகு கட்டும் துறை) வாடகை, டீசல், ஃபோன் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 வெள்ளி போட்டிருக்கிறேன். கார் இல்லை, வீட்டு பில் இல்லை என்பதால் தாராளம் என்று படுகிறது. எதை விட்டுவிட்டேன்? நண்பர்களோடு போர்ட் டிக்சனில் படகு ஓட்டிப் பழக்கம் உண்டு, இரவில் போனதில்லை.

ஒற்றைப்பாய்:
சாப்பாட்டுக் கணக்கெல்லாம் சரிதான் அண்ணே. ஆனால் படகு மாதாமாதம் காசு கேட்காது. பல மாதம் சும்மா இருக்கும், அப்புறம் ஒரே வாரத்தில் மொத்தமாகக் கேட்கும். நம்ம கடல் வெதுவெதுப்பானது, கொட்டலசு என்கிற ஓட்டு உயிரி படகின் அடியில் வேகமாக ஒட்டும், அதனால் படகைக் கரையேற்றிச் சுரண்டி, அது ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டிஃபௌலிங் பெயின்ட் அடிக்கும் வேலை அடிக்கடி வரும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை 10, 12 வருடத்துக்கு ஒருமுறை முழுசாக மாற்றச் சொல்வார்கள், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காப்புறுதிக்காரர் கம்பியின் வயதைத்தான் கேட்பார். இது போக பாய், பேட்டரி, நங்கூரச் சங்கிலி, கரைக்குப் போய்வரும் சின்னப் படகான டிங்கியின் மோட்டார், எல்லாமே ஒவ்வொன்றாகத் தேயும்.

படகு விலையில் வருடத்துக்கு 10 சதவீதம் ஒதுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பி நீங்கள் 16,000 போடுவீர்கள், அங்கேதான் ஆள் மாட்டுவது. நீங்கள் மலிவாக வாங்கினீர்கள் என்பதற்காக யாரும் வின்ச்சையோ (பாய்க் கயிற்றை இழுக்கும் உருளை) எஞ்சினையோ மலிவாகத் தரப்போவதில்லை, 38 அடிக்கு 38 அடி விலைதான். அதே அளவில் கொஞ்சம் புதிய படகு என்ன விலை போகிறது என்று பாருங்கள், அதில் சதவீதம் போடுங்கள். இன்னொன்று, வாங்கிய முதல் வருடச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், பழைய படகுக்கு அது தனிப் பெட்டி.

குவா மீனா:
நாங்கள் ரெண்டு பேரும் படகில்தான் இருக்கிறோம், அதனால் சொல்கிறேன். வீட்டை விற்காதீர்கள் அண்ணே, வாடகைக்கு விடுங்கள். முட்டி போய்விட்டது, இனிமேல் படகுக்குள் இறங்கும் அந்தச் செங்குத்து ஏணியில் நாளுக்கு இருபது தடவை ஏறி இறங்க முடியாது என்கிற நாள் வரும். அப்போது அவசரத்துக்குப் பழைய படகை யாரும் வாங்க மாட்டார்கள், விற்ற காசுக்குக் கிள்ளானில் திரும்ப வீடும் கிடைக்காது.

மருத்துவக் காப்புறுதியை விட்டுவிட்டீர்கள். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். லங்காவியில் சுல்தானா மாலிஹா மருத்துவமனை இருக்கிறது, பெரிய வைத்தியம் என்றால் அலோர் ஸ்டாருக்கோ பினாங்குக்கோ போகவேண்டி வரும்.

அப்புறம் அக்காவைக் கேட்டீர்களா? ஜனவரியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள், அப்போது வானம் நீலமாக, காற்று சுகமாக, யாருக்கும் பிடிக்கும். செப்டம்பரில் ஒரு வாரம் படகு வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். மழைக்கு மேல்கதவெல்லாம் மூடிக் கிடக்கும், உள்ளே புழுங்கும், துணி காயாது, மெத்தைக்கு அடியில் பூஞ்சை. ஏசி போடலாம், ஆனால் அதற்கு மரினாவில் கட்டிக்கொண்டு கரை மின்சாரம் எடுக்க வேண்டும், நங்கூரம் போட்டு வாடகையை மிச்சம் பிடிக்கும் கணக்கு அதோடு போச்சு. அந்த வாரத்துக்குப் பிறகும் அவர் சரி என்றால் வாங்குங்கள்.

கிள்ளான்வாசி:
வீட்டு விஷயம் நன்றாக உறைத்தது, நன்றி. வாடகை வந்தால் மரினா செலவுக்கு ஆகும். அவளைக் கேட்டேன், "செப்டம்பர்தானே, போகலாம், ஆனால் சமையல் நீங்கள்" என்கிறாள். படகைச் சோதிக்க விற்பவரின் ஏஜென்ட் ஒரு சர்வேயரைச் சொல்கிறார், அவரையே வைத்துக்கொள்ளலாமா?

தலைக்கயிறு:
வேண்டாம், உங்கள் காசில் உங்கள் ஆளை வையுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் பார்க்க வேண்டும், கட்டிக்கிடக்கும்போது பார்த்துத் தரும் ரிப்போர்ட் பாதிதான். அதற்கு முன்னால் நீங்களே ஒரு காரியம் செய்யலாம். பக்கக் கம்பிகள் மேல்தளத்தில் இறங்கும் இடத்தில் எஃகுப் பட்டைகள் இருக்கும், உள்ளே அலமாரியைத் திறந்து டார்ச் அடித்து அவற்றைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நீர் வழிந்த தடம் தெரிந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள். கம்பியில் டிஷ்யூவைச் சுற்றி மேலும் கீழும் இழுங்கள், எங்காவது மாட்டினால் ஒரு இழை அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

படகுக் காப்புறுதியில் இடி மின்னலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். நம்ம பக்கம் மின்னல் அதிகம், ஒரு அடி விழுந்தால் ஜிபிஎஸ், ரேடியோ, ஆட்டோபைலட், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

இரவு ஓட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலாக்கா நீரிணையில் கரையோரம் வலைகள், விளக்கே இல்லாத சம்பான்கள் (சின்ன மரப்படகுகள்). கொஞ்சம் வெளியே போனால் இழுவைப் படகு, வெகு தூரம் பின்னால் அது இழுத்துவரும் பார்ஜ் (சரக்குத் தெப்பம்), நடுவில் இருக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது, அதற்குள் புகுந்துவிடக் கூடாது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னால் சுமத்ரா காற்று என்கிற திடீர்ப் புயற்காற்று வேறு வந்து அடிக்கும். கிள்ளானிலிருந்து லங்காவிக்கு பங்கோர், பினாங்கு என்று நின்று நின்று முடிந்தவரை பகலிலேயே போகப் பாருங்கள், ஓய்வுக்குப் போகிறவருக்கு என்ன அவசரம்? காற்று குறைவு என்பதால் பாதி வழி எஞ்சினில்தான் போவீர்கள், டீசலுக்கு நீங்கள் எவ்வளவு போட்டீர்கள் என்று சொல்லவில்லையே.