பாகலை வெளிநாட்டுக்குக் கொடுப்பதா, நம் சந்தைக்கே கொடுப்பதா?

களுதாவளைத் தோட்டம்:
போன சிறுபோகத்தில் அரை ஏக்கர் பாகல் போட்டேன். பாரிஸ் லா சப்பலில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்குப் போகும் என்று சொல்லி ஒரு சேகரிப்பாளர் எடுத்தார். முதல் இரண்டு தடவை காசு ஒழுங்காக வந்தது. மூன்றாம் தடவை 140 கிலோ ஏற்றிவிட்டேன், மறுநாள் போன் வருகிறது, 60 கிலோ கழிவாம். கழித்த காயை நான் கண்ணால் காணவில்லை, திருப்பித் தரவும் இல்லை, ஆனால் லொறிக் கூலி மட்டும் 140 கிலோவுக்கும் வெட்டியிருக்கிறார்கள். இனி ஏற்றுமதிக்கு ஒரு காய்கூடத் தரமாட்டேன். சந்தையில் விலை குறைவுதான், ஆனால் தராசு என் கண் முன்னால் நிற்கிறது.

கல்முனைக் காக்கா:
தம்பி, கோபம் நியாயம், முடிவு பிழை. 15 வருடமாக மரக்கறி ஏற்றுகிறவன் சொல்கிறேன். பழ ஈ பிஞ்சிலேயே குத்திவிடும். ஊசி முனை அளவு ஒரு புள்ளி, பக்கத்தில் பிசின் மாதிரி ஒரு துளி, அவ்வளவுதான் தெரியும். பறிக்கும்போது காய் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும், மறுநாள் பார்த்தால் அந்த இடம் மஞ்சளாகி உள்ளே புழு நெளியும். ஐரோப்பாவில் ஒரு புழு பிடிபட்டாலே முழுச் சரக்கும் போச்சு. 2013இல் இந்தியாவில் இருந்து போன 207 சரக்குகளில் பூச்சி பிடிபட்டது, 2014 மே மாதம் மாம்பழத்தோடு பாகல், புடலை, கத்தரி, சேம்பு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மாம்பழத்துக்கு அடுத்த வருடமே தடை நீங்கியது, மரக்கறிக்கு இன்னும் இழுத்தது. 2019 டிசம்பருக்குப் பிறகு அங்கே அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் இந்த ஐந்தையும் விட்டால் எந்தப் பழத்துக்கும் காய்க்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ், அதுதான் பூச்சி இல்லை என்று அரசாங்கம் தருகிற கடிதம், வேண்டும். விரல் அளவுப் பிஞ்சிலேயே கடதாசி உறை போட்டீர்களா?

களுதாவளைத் தோட்டம்:
பாதிக்குப் போட்டேன் காக்கா. மீதிக்குக் கூலி கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை, போட்டதையும் கச்சான் காற்று கிழித்தது. மருந்து அடிக்கலாம் என்றால், பாகல் மூன்று நாளுக்கு ஒருக்கால் பறிக்கிற காய், மருந்துப் போத்தலிலோ அடித்த பிறகு ஒரு கிழமை, இரண்டு கிழமை பறிக்காமல் பொறுத்திருக்கச் சொல்லி இருக்கிறது. அதை மீறி அடித்துச் சாப்பிடக் கொடுக்க எனக்கு மனம் வராது.

படுவான்கரை மகள்:
அண்ணே, சந்தைக்கே கொடுப்பேன் என்று சொல்வது லேசு. எங்கள் அப்பா வவுணதீவில் கத்தரியும் வெண்டியும் வைக்கிறார். மாரி முடிந்ததும் எல்லாத் தோட்டமும் ஒன்றாகக் காய்க்கும், அதே நேரம் தம்புள்ளை மொத்தச் சந்தை லொறியும் வந்து இறக்கும். போன வருடம் மூன்று மூட்டை கத்தரியை மாட்டுக்குப் போட்டோம், அம்மா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. தராசு கண் முன்னால் நின்று என்ன செய்ய, விலை நம் கையில் இல்லையே. வெளியே போக ஒரு வழி வேண்டும்தான்.

ஆனால் காக்கா, எல்லாப் பழியையும் ஈ மேல் போடாதீர்கள். இங்கிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். உரப்பையில் அமுக்கிக் கட்டி, தார்ப்பாய் மூடி, இரவு முழுக்கக் குலுக்கிக்கொண்டு போனால் அடியில் கிடக்கிற காய் அவிந்து மஞ்சளாகும். அது தோட்டக்காரனின் குற்றமா? 2011 கடைசியில் மரக்கறி ஏற்றப் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்று வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள்தானே?

கல்முனைக் காக்கா:
கூடை அடுக்கினால் லொறியில் கொள்ளுகிற காய் குறையும் மகள், வாடகை அதேதான், அந்தப் பயத்தில்தான் எதிர்த்தார்கள். சரி, அடியில் அவிகிற காய்க்கு ஏற்றுகிறவன்தான் பொறுப்பு, அதை ஏற்கிறேன். ஆனால் தோட்டத்திலேயே தரம் பிரித்துக் கணக்கை முடி என்றால் முடியாது. புழு மறுநாள்தான் தெரியும்.

களுதாவளைத் தோட்டம்:
மறுநாள் தெரிகிற நட்டத்தில் பாதி எனக்கு, பாதி எடுத்தவருக்கு. கழித்த காயைத் தராசில் வைத்து வட்ஸப்பில் படம் அனுப்ப வேண்டும். இதை எழுத்தில் தருகிற ஒருவரைக் காட்டுங்கள் காக்கா, மறுகா நான் அரை ஏக்கருக்கும் உறை போடுகிறேன், கூலி கடன் பட்டாவது.